சக்களத்தி வீட்டுக் கல்

எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில், துணி துவைக்கிற கல் ஒன்று கிடக்கிறது. நல்ல கருங்கல். இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம், அவ்வளவு நீளம். மேல்பக்கம் சமமாக இருந்தது, பாதிக்கு மேல் மண்ணுக்குள் புதைந்திருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் கல்லில் நான் துணி துவைத்திருக்கிறேன். துவைத்திருக்கிறேன் என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்கிறேன். அடித்திருக்கிறேன். என் புருஷனுடைய வேட்டியை நனைத்து முறுக்கி, தலைக்கு மேல் ஓங்கி, அந்தக் கல்லின் முதுகில் போட்டால் சத்தம் எதிர்வீடு வரைக்கும் கேட்கும். "இன்னிக்கும் சக்களத்தியப் போட்டு அடிக்கிறாடி" என்று எதிர்வீட்டு அக்கா சொல்லிச் சிரிப்பாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அது கோட்டையிலிருந்து வந்த கல். அந்தக் கோட்டைதான் எனக்குச் சக்களத்தி.

என் புருஷன் கோட்டைக்குக் காவல். பேரைச் சொல்ல மாட்டேன். இந்த வயசில் என்ன வெட்கம் என்று பேத்தி கேட்கிறாள். வெட்கமெல்லாம் இல்லை, வழக்கம். எனக்குப் பிறந்த ஊர் ஏலாக்குறிச்சிப் பக்கம், கொள்ளிடத்துத் தண்ணீர் பாயும் நெல் பூமி. அப்பா மாதா கோவில் உபதேசியார். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் நான். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், பஸ் ரோட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருந்த ஒரு மேட்டுக்காட்டு ஊரில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். "மாப்பிள்ளைக்கு சர்க்கார் உத்தியோகம். ஒரு கோட்டையே அவரு கையில இருக்கு" என்று பெண் கேட்டு வந்த பெரியவர் சொன்னார். அதைக் கேட்டு என் சித்தி மகள்களுக்கு வயிறு எரிந்தது. நானும் அவர்கள் எரியட்டும் என்று தலையை நிமிர்த்திக்கொண்டுதான் வண்டி ஏறினேன். பட்ட பாட்டுக்கெல்லாம் அந்தத் திமிர்தான் காரணம் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

கோட்டை அவர் கையில் இல்லை. அவர்தான் கோட்டையின் கையில் இருந்தார். விடியுமுன் எழுந்து போவார். பொழுது சாய்ந்துதான் வருவார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்தால் வீட்டுக்கு வராமல் நேரே அங்கே போவார். மழை பெய்தால் மற்ற ஆண்பிள்ளைகள் வீட்டுக்கு ஓடி வருவார்கள். இவர் வீட்டிலிருந்து அங்கே ஓடுவார். வடக்குச் சுவரில் ஒழுகுமாம். எங்கள் கூரை ஒழுகியதைப் பானை வைத்து நான்தான் பிடித்தேன். கிணற்றடியில் பெண்கள், "என்னடி, ஒன் வூட்டுக்காரரு சின்ன வூட்டுக்குப் போயிட்டாரா?" என்று கேட்பார்கள். முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

பேசவே பேசாத மனுஷன் அவர். சோற்றில் உப்பு இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டார். ஆனால் கோட்டையைப் பற்றிக் கேட்டால் மட்டும் நாக்கு அவிழ்ந்துவிடும். நவாப் காலத்தில் ஒரு ஜாகிர்தார் கட்டியதாம். அகழியில் முதலை விட்டிருந்தார்களாம். அப்புறம் கம்பெனிக்காரன் வந்து வெடிமருந்து அடுக்கினான். மருந்து தீர்ந்த பிறகு கொஞ்ச காலம் ஜெயில். ஜெயிலைக் காலி செய்த பிறகு ஒரு பஞ்சு வியாபாரி குத்தகைக்கு எடுத்துப் பொதி அடுக்கினார். அவர் நொடித்துப்போனதும் ஆட்டுக்கிடை. எந்தச் சுவரில் எந்தக் காலத்துச் சுண்ணாம்பு, எந்த அறையில் யார் கிடந்தார்கள் என்று சோற்றில் கை காய்வது தெரியாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்டுக்கொண்டிருக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் தாங்காமல் கேட்டேவிட்டேன். "நவாபு ஆளு, வெள்ளக்காரன், பஞ்சு யாவாரி, ஆட்டுக்காரன். இத்தன பேரப் பாத்தவ அவ. அவகிட்ட என்னாத்தக் கண்டு மயங்கிக் கெடக்குறீங்க?" அவர் கோபப்படவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வுட்டுட்டுப் போயிட்டாங்கல்ல, அதான்" என்றார். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. கட்டினவளை வீட்டில் விட்டுவிட்டு, கைவிடப்பட்டவளுக்காக உருகுகிறார் என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் கோட்டைக் கல் இல்லாத வீடு கிடையாது. முன்னே இருந்த காவல்காரர் தாராள மனுஷன். ஒரு சேவலைக் கொடுத்தால் ஒரு வண்டிக் கல்லுக்குக் கண்ணை மூடிக்கொள்வார். தாமரை செதுக்கிய கல்லின் மேல் எதிர்வீட்டு அக்கா மிளகாய் அரைத்தாள். பக்கத்துத் தெருவில் ஜாகிர்தார் மிதித்த படிக்கட்டில் எருமை கட்டியிருந்தது. துவைக்கிற கல் இல்லாத ஒரே வீடு காவல்காரர் வீடு, அதாவது என் வீடு. ஓடைக்குத் துணியை எடுத்துப் போய், மற்றவள் துவைத்து முடிக்கிற வரைக்கும் காத்து நின்று அவளுடைய கல்லை இரவல் வாங்குவேன். "கோட்டையே உங்களுது, நீ எதுக்குடி எங் கல்லுக்கு நிக்கிற?" என்று ஒருத்தி கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அவரிடம் சொன்னேன்: "ஒரே ஒரு கல்லு. கீழ வுழுந்து கெடக்குறதுல ஒண்ணு. துணி தொவைக்க." அவர் தலையை ஆட்டினார். "அது நம்ம பொருளு இல்ல புள்ள" என்றார். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று இருக்கிற புருஷன்மாரைத்தான் உலகம் திட்டும். எனக்கு மட்டும் அப்படி ஒருத்தன் வாய்க்கவில்லையே என்று இருந்தது.

என் அண்ணன் புது வீடு கட்டினார். அரியலூர்ச் சந்தைக்குக் கடலை ஏற்றி வந்தவர், வெறும் வண்டியோடு இங்கே வந்து சேர்ந்தார். வாசற்படிக்கு ஒரு நீளக் கல் வேண்டும் என்றார். தங்கை புருஷன்தானே காவல், கேட்கவா வேண்டும் என்ற நினைப்பு. நான் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். இவர் அண்ணனுக்கு வாய் நிறைய உபசாரம் செய்து, இலை எடுத்த பிறகு, "மச்சான், வாசப்படிக்கு ஆத்தோரம் நல்ல பலகைக் கல்லு கெடைக்குமே" என்றார். அண்ணன் மாட்டைப் பூட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் போனபோது, "ஒம் புருஷனுக்கு நாம வேண்டாம்மா, கல்லுதான் வேணும்" என்று அண்ணி எல்லார் காதிலும் விழச் சொன்னாள். கல்லானாலும் கணவன் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். கல்லையே கட்டிக்கொண்ட கணவனை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, அந்தக் கோட்டைக்குள் அப்படி என்னதான் இருக்கிறது, போய்ப் பார்த்துவிடுவோம் என்றால் அதற்கும் கொடுப்பினை இல்லை. எனக்குக் கல்யாணமான வருஷம்தான் பர்மாவில் குண்டு விழுந்து, நம் ஜனங்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள். சொந்த ஊரில் போக்கிடம் இல்லாத கொஞ்சம் பேரைக் கோட்டைக்குள் தங்கவைத்தார்கள். அவர்களில் சிலருக்கு அம்மை. நான் அப்போது முழுகாமல் இருந்தேன். "நீ உள்ள வரக் கூடாது" என்று சொல்லிவிட்டார். மத்தியானச் சோற்றை எடுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பேன். அவர் வந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட்டுப் போவார். ஒரு நாள் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தார். உள்ளே இருந்த பர்மாக்காரி ஒருத்தி மீனை உப்பில் ஊறவைத்து அரைத்து ஏதோ ரசம் வைத்தாளாம். "என்னமா வெச்சிருந்தா தெரியுமா" என்றார். நான் வைத்த எந்த ரசத்துக்கும் அப்படி ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததில்லை. அன்றைக்கு மிச்சச் சோற்றை வழியில் நாய்க்குப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்தப் பர்மாக்காரியை ஒரே ஒரு முறை பார்த்தேன். அவர்களை வேறு இடத்துக்கு அனுப்பியபோது, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நான் நினைத்த மாதிரி மினுக்காக இல்லை. எலும்பும் தோலுமாக இருந்தாள். வருகிற வழியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் என்று பிறகு சொன்னார்கள். என் வயிற்றைப் பார்த்தாள். கிட்டே வராமல் தூர நின்றே, "நல்லபடியா பெத்து எடுங்கம்மா. ஒங்க வூட்டுக்காரரு எந்நேரமும் ஒங்களப் பத்திதான் பேசுவாரு" என்றாள். வேறு யாராவது இருந்தால் அதைக் கேட்டுக் குளிர்ந்திருப்பார்கள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என்னிடம் பேசாத மனுஷன் என்னைப் பற்றி இவளிடம் பேசியிருக்கிறாரே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

பர்மா ஜனங்கள் போனதும் நெல் வந்தது. கண்ட்ரோல் காலம். சம்சாரிகளிடம் சர்க்கார் கொள்முதல் செய்த நெல்லையெல்லாம் கொண்டுவந்து கோட்டைக்குள் கொட்டினார்கள். ஊரே கேழ்வரகுக்கும் சோளத்துக்கும் அலைந்தபோது அவர் ஒரு நெல் மலைக்குக் காவல் இருந்தார். சாப்பிட்டது நான் கொண்டுபோன களி. இப்போதும் நான் உள்ளே போகக் கூடாது என்றார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் உத்தரவாம். அதோடு ஊர் வாய் வேறு. காவல்காரன் பெண்டாட்டி உள்ளே போய் வந்தால் மடியில் நெல் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "ஒன் மடிய ஒருத்தன் பாக்கும்படி வெச்சுக்கக் கூடாது புள்ள" என்றார். அதில் இருந்த அக்கறை அன்றைக்கு என் காதில் ஏறவில்லை. நேற்று வந்த மூட்டை தூக்குகிறவன் உள்ளே போகிறான், எலி போகிறது, புறா போகிறது, தாலி கட்டியவள் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் ஏறியது.

அந்த வேப்பமரத்தடிக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கோட்டையிலிருந்து எந்தக் காலத்திலோ சரிந்து விழுந்த கல். அதன் மேல் யாரோ பல்லாங்குழி வெட்டியிருந்தார்கள். காவலுக்கு நின்ற சிப்பாய்கள் பொழுது போகாமல் வெட்டியிருக்க வேண்டும். ஒரு வரிசையில் ஏழு குழி இருந்தது, எதிர் வரிசையில் ஆறுதான். வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு மாற்றல் வந்துவிட்டதோ, செத்துப்போனானோ, தெரியாது. நெல் எடை போட்டு முடிகிற வரைக்கும் அவர் வெளியே வர மாட்டார். களி ஆறிக் கல்லாகும். நான் மடியில் புளியங்கொட்டை எடுத்துப்போய் எனக்கு நானே ஆடுவேன். ஒரு குழி குறைகிற ஆட்டம் என்ன ஆட்டம்? ஒரு நாள் துருப்பிடித்த லாட ஆணி ஒன்று கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ஏழாவது குழியை நானே தோண்ட ஆரம்பித்தேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக, கோட்டையைத் திட்டிக்கொண்டே சுரண்டினேன். குழி வட்டமாக வரவில்லை, ஒரு பக்கம் கோணிக்கொண்டு மாங்கொட்டை மாதிரி வந்தது.

கோட்டைச் சுவரில் பேர் கிறுக்கிய பையன்களை ஓட ஓட விரட்டியவர் அவர். நான் கல்லைச் சுரண்டுவதைப் பல நாள் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கும் நான் ஒரு அர்த்தம் வைத்திருந்தேன். உள்ளே இருக்கிற கல் என்றால் உயிர், வெளியே கிடக்கிறது என்றால் அவருக்கு அது கல்லே இல்லை. வெளியே உட்கார்ந்திருக்கிற நானும் அப்படித்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஒரு வருஷம் நான் பிறந்த ஊர்க் கோவில் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, பாவசங்கீர்த்தனம் கேட்க ஸ்பானிய தேசத்துச் சாமியார் ஒருவர் வந்திருந்தார். பொறாமை தலையான பாவங்களில் ஒன்று என்று அப்பா சொல்லிக்கொடுத்த பயம் எனக்கு. முழங்காலில் இருந்து, "பொறாமைப்பட்டேன் சாமி" என்றேன். "யார் மேல்?" என்றார். "ஒரு கோட்டை மேல, சாமி." தமிழ் சரியாகப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பக் கேட்டார். விவரமாகச் சொன்னேன். அவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. பாவத்தை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். அவர் பிறந்த ஊரில் ஒரு குன்று, குன்றின் மேல் ஒரு கோட்டை. அராபியரைத் தடுக்க ஒரு ராஜா கட்டினான். தடுக்க ஆளில்லாமல் போன பிறகு ஒரு பிரபு அதில் விருந்து வைத்தான். பிரபு வம்சம் அற்றுப்போய் சன்னியாசிகள் வந்தார்கள். சன்னியாசிகளை விரட்டிவிட்டு அதைச் சிறையாக்கினார்கள். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உள்ளே கோதுமை கொட்டியிருந்தார்களாம். உச்சியில் நாரைக் கூடு. அவருடைய அப்பா ஞாயிறு தவறாமல் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம், அம்மா திட்டுவாராம். "எங்கேயும் இதே கதைதான்" என்று சிரித்தார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு கேட்டார்: "உன் புருஷன் குடிப்பானா?" இல்லை என்றேன். "அடிப்பானா?" அதுவும் இல்லை என்றேன். "அப்படியானால் மாதாவுக்கு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லு" என்றார். சொன்னேன். மூன்றாவதைச் சொல்லும்போது பர்மாக்காரியின் ரசம் ஞாபகம் வந்து கெடுத்துவிட்டது.

நெல் போன பிறகு ரிசர்வ் போலீஸ் வந்து கொஞ்ச காலம் தங்கியது. ஆண்பிள்ளைகள் இருக்கிற இடம், வராதே என்றார். போலீஸ் போன பிறகு, சுதந்திரம் வந்த புதிதில், பள்ளிக்கூடம் வந்தது. வெடிமருந்து அறையில் ஒன்றாம் வகுப்பு, ஜெயில் அறையில் ஐந்தாம் வகுப்பு. இனிமேல் யார் வேண்டுமானாலும் போகலாம். "வா, காட்டுறேன்" என்று அவரே கூப்பிட்டார். நான் போகவில்லை. கண்டவனும் போய் வந்த பிறகு, கடைசியில் சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் என்னையும் கூப்பிட்டால் நான் போய்விடுவேனா? "வெளியவே இருந்து பழகிப்போச்சு" என்றேன். அவர் முகம் வாடியது. அது எனக்குத் தித்திப்பாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது பிரசவத்துக்கு ஊருக்குப் போனேன். மகனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, கொல்லையில் இந்தக் கல் பதித்திருந்தது. எனக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. "எங்கேருந்துங்க?" என்றேன். "கோட்டதான்" என்றார். "ஒங்க பொருளு இல்லன்னு சொன்னீங்களே?" அவர் கல்லை ஒரு முறை காலால் அசைத்துப் பார்த்து, "ஆடாது, தொவை" என்று மட்டும் சொன்னார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவளுடைய உடம்பிலிருந்து ஒரு எலும்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டுவிட்டார் என்று அன்றைக்குத் தூங்கவே இல்லை.

அந்தச் சந்தோஷம் அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும்தான். சோறு எடுத்துக்கொண்டு போனால், வேப்பமரத்தையும் காணோம், கல்லையும் காணோம். கல்வி அதிகாரியின் கார் வாசல் வரைக்கும் வர வேண்டும் என்று ரோட்டை அகலப்படுத்தியிருந்தார்கள். வழியில் கிடந்த கல்லையெல்லாம் உடைத்து ஜல்லியாகப் பரப்பியிருந்தார் கான்ட்ராக்டர். சம்மட்டி போட்ட புதுச் சில்லுகள் வெயிலில் பளபளவென்று கிடந்தன. அதில் என் குழி எது, சிப்பாயின் குழி எது? எனக்கு வந்த ஆத்திரத்தில் தூக்குச் சட்டியை ரோட்டிலேயே வைத்துவிட்டுக் கத்தினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். "அவ கல்லுல ஒரு சில்லு பேந்தா வரிஞ்சு கட்டிக்கிட்டு நிப்பீங்க. நான் உக்காந்த கல்ல ஒடைக்கிறான், பாத்துக்கிட்டு சும்மா நின்னீங்களா?" அவர் சட்டியை எடுத்து மூடியைத் திறந்தார். "கல்லு எங்க போயிடும் புள்ள?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு பதிலுக்காக அவரை நான் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் சோறு எடுத்துக்கொண்டு போனதில்லை, மகளை அனுப்பினேன். கல்லில் துணியை அடித்த அடியில் வேட்டிகள் சீக்கிரம் கிழிந்தன. அவர் கிழிந்ததைத் தைத்துக் கட்டிக்கொண்டார்.

பள்ளிக்கூடம் பிறகு புதுக் கட்டடத்துக்குப் போனது. அவருக்கும் வயசாகி வேலை முடிந்தது. அப்போதும் சாயங்காலமானால் ஒரு நடை அங்கே போய் வருவார். திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவிவிட்டு இந்தக் கல்லில் உட்கார்ந்துகொள்வார். கோட்டையை விட்டு வந்தும் அவள் மடியில்தான் உட்கார வேண்டுமா என்று அதற்கும் ஒரு பேச்சுப் பேசுவேன். சிரித்துக்கொண்டு நகர்ந்து உட்காருவார், பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காரும்படி. நான் உட்கார மாட்டேன். அப்படி ஒரு சாயங்காலத்தில் நெஞ்சு வலி வந்து, இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் தொல்பொருள் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கோட்டைக்கு வேலி போட்டு, போர்டு வைத்து, இடிந்ததைக் கட்டப் போகிறார்களாம். வீடு வீடாக வந்து, கோட்டைக் கல் இருந்தால் தாருங்கள் என்று கேட்டார்கள். எதிர்வீட்டு அக்கா இப்போது இல்லை. அவளுடைய மகன் தாமரைக் கல்லைக் கழுவிப் பொட்டு வைத்துக் கொடுத்தான், ஊர் கைதட்டியது. எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். "அப்பா காவல் காத்த கோட்டைம்மா. நம்ம வூட்டுல இருக்கறதையும் குடுத்துடுவோம்" என்றான் மகன். எடுத்துக்கொண்டு போகட்டும் என்றேன். உள்ளுக்குள் ஒரு குரூரமான திருப்தி. ஒரு கல்லைக்கூட விடாமல் வந்து வாங்கிக்கொண்டு போகிறாள் பார், போய்த் தொலையட்டும்.

இரண்டு பேர் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். கல் மண்ணை விட்டு எழும்பி, மெதுவாகப் புரண்டு, மறுபக்கமாக விழுந்தது. ஈர மண்ணும் புழுவுமாக இருந்தது. ஒரு பையன் கிணற்றுத் தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றினான். குழிகள் தெரிந்தன. ஒரு வரிசையில் ஏழு. எதிர் வரிசையில் ஆறு, அதன் ஓரத்தில் மாங்கொட்டை மாதிரி கோணிக்கொண்டு ஒன்று.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா?" என்று மகன் ஓடி வந்தான். அவனுக்கு என்னவென்று சொல்வது? ஜல்லிக்கு உடைக்க வந்தவனிடம் என்ன சொல்லித் தடுத்தாரோ, யார் வண்டியைக் கேட்டு வாங்கினாரோ, நான் ஊரில் இல்லாத அந்த நாட்களில் தனி ஆளாகக் கொண்டுவந்து புதைத்திருக்கிறார். துணி துவைக்கச் சமமாக வேண்டுமே என்று முதுகை மேலே வைத்துக் குழியைக் கீழே வைத்திருக்கிறார். கோட்டைக்குள்ளிருந்து ஒரு கல்லை அவர் யாருக்கும் எடுக்கவில்லை, எனக்கும்கூட. எடுத்தது என்னுடைய கல்லை. நாற்பது வருஷமாக சக்களத்தி என்று நினைத்து நான் அடித்துக்கொண்டிருந்தது என்னைத்தான். சொல்லித் தொலைத்திருக்கலாமே, பாவி மனுஷன். ஒரு வார்த்தை.

ஆபீஸ் பிள்ளைக்கு ஒரே குஷி. "அம்மா, இது அபூர்வமான பொருள்ங்க. கோட்ட வாசல்லயே வெச்சிடுவோம். வர்றவங்க பாப்பாங்க, உக்காந்து ஆடிக்கூடப் பாக்கலாம்" என்றான்.

"யாரு உக்காருவாங்க?" என்றேன்.

"வர்ற பொம்பளைங்க, புள்ளைங்க எல்லாருந்தாங்க."

"அதெல்லாம் தர முடியாதுப்பா. இது கோட்டக் கல்லு இல்ல, எங் கல்லு. நீ போயிட்டு வா" என்றேன். மகன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். சர்க்கார் சொத்து என்றான், அப்பா இருந்திருந்தால் கொடுத்திருப்பார் என்றான். கொடுத்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் போய்விட்டார்கள்.

கல் இப்போது குழி மேலே தெரியக் கிடக்கிறது. துணி துவைக்க ஆகாது என்று மருமகள் முணுமுணுக்கிறாள். சாயங்காலம் அதில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று வெளியே போய்விட்டு வந்து பார்த்தால், மருமகள் மறு ஓரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நல்ல பெண்தான், அவளிடம் எனக்கு ஒரு குறையும் கிடையாது. இருந்தாலும் எழுந்திருக்கச் சொன்னேன். "ஏன் அத்தை, எடந்தான் இருக்கே?" என்றாள்.

"அங்க ஆளு இருக்கு" என்றேன்.